வாலட் பெயரில் மெயில் வந்தால்: சோதிக்கும் முறையும், சிக்கியபின் செய்ய வேண்டியதும்

"உங்கள் வாலட் முடக்கப்படவுள்ளது, 24 மணி நேரத்துக்குள் சரிபார்க்கவும்" என்று மெயில் வந்தால், அனுப்பியது யார் என்று பார்க்கும் முன்பே அது போலி என்று முடிவுகட்டலாம். லெட்ஜர், டிரெசர், மெட்டாமாஸ்க் போன்ற கிரிப்டோ வாலட்களில், பணத்தை நகர்த்தும் ரகசியச் சாவி உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வாலட்டை முடக்கவோ, கேஒய்சி கேட்டு நிறுத்திவைக்கவோ அந்த நிறுவனங்களால் முடியாது. கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் கணக்கு வேறு. அதை நிறுவனம் முடக்கலாம், கேஒய்சியும் கேட்கலாம். இந்த வித்தியாசம் தெரியாதவர்களை நம்பித்தான் போலி மெயில்கள் எழுதப்படுகின்றன. சீட் ஃபிரேஸ் (அந்தச் சாவியை மீட்டெடுக்கும் 12 அல்லது 24 சொற்கள்) வைத்துத் தொடங்கும் மெட்டாமாஸ்க் வாலட்டோ மெயில் முகவரியே கேட்பதில்லை. பிறகு எச்சரிக்கை மட்டும் எப்படி வரும்?

உங்கள் பெயரைச் சரியாகக் குறிப்பிட்டிருப்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். 2020இல் லெட்ஜரின் விற்பனைத் தரவுத்தளம் திருடுபோனது. சுமார் 10 லட்சம் மெயில் முகவரிகளும், ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண்ணும் அந்த டிசம்பரில் பொதுவெளிக்கு வந்தன. அந்தப் பட்டியல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்து அனுப்புநர் முகவரி. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' போனால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று, அனுப்புநரின் டொமைனை (இணைய முகவரியை) சோதித்த முடிவுகள் மூன்று வரிகளில் தெரியும். டிமார்க் 'ஃபெயில்' என்றிருந்தால் மெயிலை அழித்துவிடுங்கள். ஆனால் 'பாஸ்' என்றிருந்தால் நம்பிவிடக் கூடாது. அந்த டொமைனிலிருந்து வந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. டொமைனே போலியாக இருக்கலாம், உண்மையான டொமைன் திருடர் கையில் சிக்கியும் இருக்கலாம். 2024 ஜனவரியில் மெயிலர்லைட் என்ற மெயில் சேவைக்குள் புகுந்தவர்கள், வாலட்கனெக்ட் என்ற வாலட் இணைப்புச் சேவை, காயின்டெலிகிராஃப் என்ற கிரிப்டோ செய்தித்தளம் ஆகியவற்றின் பெயர்களில், அந்த நிறுவனங்களின் சொந்த டொமைனிலிருந்தே போலி ஏர்டிராப் (இலவசக் கிரிப்டோ) மெயில் அனுப்பினார்கள்.

லிங்க்கில் எழுத்தை உற்றுப் பாருங்கள். 2022 ஏப்ரலில் மெயில்சிம்ப் என்ற மெயில் சேவையிலிருந்து டிரெசரின் சந்தாதாரர் பட்டியலைத் திருடி அனுப்பிய மெயிலில், டிரெசர் என்ற ஆங்கிலப் பெயரின் 'இ' எழுத்துக்கு அடியில் ஒரு சிறு புள்ளி இருந்தது. ஃபோன் திரையில் அது தூசி மாதிரி தெரியும், அவ்வளவுதான். இத்தகைய டொமைனை பிரவுசர் சில சமயம் 'எக்ஸ்', 'என்', இரண்டு சிறு கோடுகள் என்று தொடங்கும் வடிவில் காட்டும். வாலட் தளத்தின் முகவரி அப்படித் தொடங்கினால் உடனே மூடுங்கள். ஆனாலும் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், ஆப்பை நீங்களாகத் திறந்தோ, ஏற்கெனவே சேமித்துவைத்த புக்மார்க் வழியாகவோ போய்ப் பாருங்கள். அப்டேட் உண்மையிலேயே இருந்தால் அங்கேயும் தெரியும்.

டிரெசர் மெயிலின் லிங்க் ஒரு போலி ஆப்பை இறக்கியது. அது அசல் ஆப் போலவே ஓடி, கடைசியில் சீட் ஃபிரேஸைக் கேட்டது. ஆப், இணையதளம், கஸ்டமர் கேர் என யார் கேட்டாலும் அந்தச் சொற்களைக் கணினியிலோ ஃபோனிலோ தட்டச்சு செய்ய வேண்டாம். லெட்ஜரில் 24 சொற்களையும் கருவியின் திரையில் மட்டுமே உள்ளிட வேண்டும்.

சிக்கிவிட்டால்

லிங்க்கைத் திறந்து பார்த்ததோடு சரி என்றால் பெரும்பாலும் பணத்துக்கு ஆபத்தில்லை; மூடிவிட்டு, எதுவும் டவுன்லோட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சீட் ஃபிரேஸைத் தட்டியிருந்தால் அந்த வாலட் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'சப்மிட்' அழுத்தவில்லையே என்று ஆறுதல் வேண்டாம். தட்டும்போதே எழுத்துகளை அனுப்பிவிடப் போலிப் பக்கத்தால் முடியும். பாதியில் நிறுத்தியவர்களுக்கும் இதுவே. சீட் ஃபிரேஸுக்குச் சொற்கள் எடுக்கப்படும் பட்டியலில் இருப்பது 2,048 சொற்கள்தான். 12இல் 10 போய்விட்டால் மிச்ச இரண்டுக்கு 41,94,304 சேர்க்கைகள். கணினிக்கு அது பெரிய வேலையல்ல.

பாஸ்வேர்டையோ பின் நம்பரையோ மாற்றிப் பயனில்லை. மெட்டாமாஸ்க்கில் புதுக் கணக்கு சேர்த்தாலும் அது அதே சீட் ஃபிரேஸிலிருந்துதான் பிறக்கிறது. பலர் இங்கேதான் இரண்டாம் முறை இழக்கிறார்கள். போலி ஆப் இறங்காத வேறொரு கருவியில், புதிய சீட் ஃபிரேஸுடன் புது வாலட் தொடங்கி, மதிப்பு அதிகமானதை முதலில் மாற்றுங்கள். எத்தீரியம் பிளாக்செயினில் டோக்கனை (அதில் இயங்கும் பிற கிரிப்டோவை) நகர்த்த, ஈத்தர் என்ற அதன் நாணயத்தில் கேஸ் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே இருக்கும் ஈத்தரை மொத்தமாக முதலில் அனுப்பிவிடாதீர்கள். திருடர்கள் பாட் (தானாக இயங்கும் நிரல்) வைத்திருந்தால், கேஸுக்காக வெளியிலிருந்து போடும் ஈத்தரை நொடியில் உறிஞ்சிவிடும். அதே சீட் ஃபிரேஸில் பாலிகான், பிஎன்பி செயின் போன்ற வேறு பிளாக்செயின்களில் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

சீட் ஃபிரேஸ் கொடுக்காமல், வாலட்டை இணைத்து ஒரு கையொப்பம் (டிஜிட்டல் ஒப்புதல்) மட்டும் போட்டிருந்தால் கதை வேறு. உங்கள் டோக்கனை எடுக்க அனுமதி கேட்டு 'அப்ரூவ்', 'செட் அப்ரூவல் ஃபார் ஆல்' என்று வந்ததற்குச் சம்மதித்திருந்தால், எத்தீரியம் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈத்தர்ஸ்கேன் தளத்தின் டோக்கன் அப்ரூவல் பக்கத்திலோ ரிவோக் கேஷ் தளத்திலோ அந்த அனுமதியை ரத்து செய்யலாம். 'பெர்மிட்' வகைக் கையொப்பம் இன்னும் மோசம்: அதற்குக் கேஸ் கட்டணம் இல்லை, திருடன் பயன்படுத்தும்வரை உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் தெரியவும் தெரியாது. அந்த டோக்கனை உடனே வேறு முகவரிக்கு மாற்றுவதே நிச்சயமான வழி.

பணம் போயிருந்தால், இந்தியாவில் 1930ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள். மெயிலை அழிக்காமல் முழு ஹெட்டரோடு ('ஷோ ஒரிஜினல்' காட்டும் விவரம்) சேமித்து, பரிவர்த்தனை ஹாஷ் (அதன் அடையாள எண்), பணம் போன முகவரி இரண்டையும் கொடுங்கள். பணம் ஓர் எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருந்தால் அந்த எக்ஸ்சேஞ்சுக்கும் அன்றே எழுதுங்கள். உறையவைக்க வாய்ப்புள்ள இடம் அதுதான். இதற்கிடையில் "இழந்ததை மீட்டுத் தருகிறோம்" என்று வருபவர்கள் முன்பணமோ சீட் ஃபிரேஸோ கேட்பார்கள். அவர்களுக்குப் பதிலே போடாதீர்கள்.