தாத்தாவைப் போருக்கு ஏற்றிச் சென்ற கப்பலின் வரலாற்றைத் தேடும் முறை

இரண்டாம் உலகப் போருக்குச் சென்று திரும்பிய முன்னோரின் பதக்கங்களும் படைப் புத்தகமும் குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் பகுதி வீடுகள் சிலவற்றில் இன்றும் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவர் ஏறிச் சென்ற துருப்புக் கப்பல் எது, அது போர்க்காலத்தில் எங்கெல்லாம் ஓடியது என்று அறிய விரும்புவோர், கப்பலின் பெயரைத் தேடித் தொடங்காமல் தேதியைத் தேடித் தொடங்குவதே நல்லது.

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆனால் மழைக்காலத்தில் வேண்டாம். மலையின் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாள்களை ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வறண்ட காற்றில், நிழலில் வைத்துப் பிரிப்பதே பாதுகாப்பானது. பதக்கங்கள் திசையைக் காட்டும்: பர்மா நட்சத்திரம் இருந்தால் கிழக்கே, ஆப்பிரிக்க நட்சத்திரமோ இத்தாலி நட்சத்திரமோ இருந்தால் மேற்கே பயணம் நடந்திருக்கிறது. தணிக்கைக்கு அஞ்சி ஊர்ப் பெயர் எழுதாத கடிதங்களில்கூடக் கள அஞ்சலக எண், அதாவது படையோடு இயங்கிய அஞ்சலகத்தின் எண், அச்சாகியிருக்கும். அந்த எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால், படைப்பிரிவு அப்போது இருந்த இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்து, மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவராயின் வெலிங்டனிலுள்ள அதன் ஆவண அலுவலகத்துக்கும், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்தவராயின் பெங்களூரிலுள்ள அதன் மையத்துக்கும் எழுதுங்கள். படை எண், பெயர், சொந்த ஊர், உறவுமுறைச் சான்று ஆகியவற்றை இணைத்து, அவர் எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நாளில் கடல் கடந்தார் என்று மட்டும் குறிப்பாகக் கேளுங்கள். வரலாறு முழுவதையும் தரும்படி கேட்கும் கடிதங்களுக்குப் பதில் வருவது கடினம்.

வீட்டில் வழங்கும் கப்பல் பெயரை உடனே நம்பிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் கப்பல் என்றாலே பலருக்கு நினைவில் நின்ற பெயர் ரஜூலா. 1926-இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் வழியில் பல்லாண்டு ஓடிய அக்கப்பல் போரில் துருப்புகளையும் ஏற்றியது உண்மையே. ஆயினும், பின்னாளில் மலாயா சென்றுவந்த உறவினர் சொன்ன பெயர், போருக்குப் போனவரின் கதையில் கலந்திருக்கக்கூடும். அதே ஆண்டில் கட்டப்பட்ட அதன் இணைக்கப்பல் ரோனா, அமெரிக்கத் துருப்புகளுடன் சென்றபோது, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடற்கரைக்கு அப்பால் ஜெர்மானிய விமானம் ஏவிய வழிகாட்டு குண்டால் தாக்குண்டு மூழ்கியது. 1944-இல் தாத்தாவை பர்மாவுக்கு ரோனா கொண்டுசென்றது என்று யாரேனும் சொன்னால், அது நடந்திருக்க முடியாது.

தேதியும் துறைமுகமும் கிடைத்தபின், கப்பல் கடற்படையினுடையதா, வணிக நிறுவனத்தினுடையதா என்று பிரித்தறிய வேண்டும். தேடுவோர் பெரிதும் இடறுவது இங்கேதான். பிரிட்டிஷ் துருப்புக் கப்பல்களில் பெரும்பாலானவை அரசு அமர்த்திக்கொண்ட பயணியர் கப்பல்களே. மாலுமிகளும் வணிகக் கப்பல் பணியாளர்களே. ஆகவே, அவற்றின் போக்குவரத்தைக் கடற்படைப் பதிவுகளில் தேடுவதைவிட, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பி.டி. 389 (BT 389) வரிசையிலுள்ள கப்பல் நகர்வு அட்டைகளில் தேடுவதே பயன் தரும். துறைமுகம், வந்த நாள், புறப்பட்ட நாள் என்று அவை சுருக்கமாகச் சொல்லும். துருப்புக் கப்பலின் பெயருக்கு முன் வரும் எச்.எம்.டி. (HMT) என்ற முன்னெழுத்தைக் கண்டால் கவனம் தேவை, ஏனெனில் கடற்படையின் இழுவலைப் படகுகளுக்கும் அதே எழுத்துகள் வழங்கின.

அமெரிக்கக் கடற்படைத் துருப்புக் கப்பல்களின் வரலாறோ, அக்கடற்படையே வெளியிட்ட போர்க்கப்பல் அகராதியில் பயணம் பயணமாகக் கிடைக்கிறது. மன்ஹாட்டன் என்ற பயணியர் கப்பல் கடற்படையில் சேர்ந்து வேக்ஃபீல்ட் என்று பெயர் மாறியதும், பம்பாய் வழியாக சிங்கப்பூர் சென்று 1942 ஜனவரி 30 அன்று அங்கே குண்டடிபட்டதும் அதில் உள்ளன. பெயர் மாறிய கப்பல்களுக்கு இரு பெயர்களையும் தேடுங்கள்.

கப்பல் இன்னும் அகப்படவில்லையானால், கான்வாய் எனப்படும் காவல் தொடரணியை, அதாவது போர்க்கப்பல்களின் காவலுடன் கூட்டாகச் சென்ற கப்பல்களின் அணியை, பிடியுங்கள். பி.எம். வரிசை பம்பாயிலிருந்து மலாயாவுக்கும், டபிள்யூ.எஸ். வரிசை பிரிட்டனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி கிழக்கேயும் சென்றன. புறப்பட்ட நாளுக்குப் பொருந்தும் தொடரணியில் இருந்த கப்பல்களை எழுதிக்கொண்டு, படைப்பிரிவின் போர் நாட்குறிப்போடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக நீக்குங்கள். இரண்டு மூன்று மிஞ்சினால், ஒன்றைத் தேர்ந்து உறுதிபோல எழுதாமல், அத்தனை பெயர்களையும் தொடரணி எண்ணோடு குடும்பக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்.