வாடகை இ-பைக் எடுக்குறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ்

பெங்களூர்ல வேலை கெடச்சுப் போற நம்ம மதுரைப் பசங்க நெறய பேரு அங்க மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற யூலுங்கிற வாடகை பேட்டரி வண்டிய ஆப்ல ஸ்கேன் பண்ணி எடுத்துட்டு ஆபீஸ் போறாங்க. மோட்டார் 250 வாட், ஸ்பீடு 25 கிலோமீட்டருக்குள்ள இருக்குற வண்டிக்கு லைசன்ஸ் தேவையில்ல, அதனால ஓட்டிப் பழகாதவங்களும் தைரியமா ஏறிடுறாங்க.

ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடியே ரெண்டு பிரேக்கையும் புடிச்சுப் பாருங்க, லிவர் ஹேண்டில் வரைக்கும் போயி ஒட்டுச்சுன்னா அந்த வண்டிய விட்டுட்டு அடுத்தத எடுங்க. டயர கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க. ஆன்ல இருக்குறப்ப வண்டிய உருட்டுறதுன்னா கை ஆக்சிலேட்டர்ல இருக்கக் கூடாது, லேசா திருகினாலே பாஞ்சிரும்.

முக்கியமான விஷயம் சத்தம். நம்ம ஊர்ல கீழமாசி வீதில ரோட்டக் கடக்குற ஆளுக திரும்பியா பாக்குறாங்க, காதுல சத்தம் விழுந்தாத்தான் ஒதுங்குவாங்க, இந்த வண்டியோ பூனை மாதிரி வரும், அதனால பெல்ல முன்கூட்டியே அடிச்சுருங்க, அவங்க ஒதுங்கிருவாங்கன்னு மட்டும் நம்பாதீங்க. நிறுத்தியிருக்க கார், ஆட்டோ பக்கத்துல ஒரு கதவு அகலம் விட்டே போங்க, யாரு எப்ப கதவத் தொறப்பாங்கன்னு சொல்ல முடியாது.

லைசன்ஸ் கேக்க மாட்டாங்கங்கிறதுக்காக ஹெல்மெட்ட வீட்ல வச்சுட்டுப் போகாதீங்கப்பா. பையை ஹேண்டில்ல மாட்டாம முதுகுல போடுங்க. எறங்குனதும் ஆப்ல ரைடு முடிஞ்சுச்சான்னு பாத்துட்டு வண்டியோட ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி காசு புடிச்சா பேச வசதியா இருக்கும்.