குடிபுகுமுன் வீட்டின் உள்ளமைப்பை மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீடொன்றை வாங்கியவர்கள், திறப்பு கைக்கு வந்த உடனேயே மேசன் பாஸை அழைத்துவந்து, குசினிச் சுவரை எடுக்கலாமா, பல்கனியை அடைத்து அறையாக்கலாமா என்று கேட்கத் தொடங்குகிறார்கள். வெறும் வீட்டில் நின்றபடி அந்த நேரத்திலேயே எடுக்கப்படும் முடிவுகள்தாம் பிற்காலச் செலவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாகின்றன. எதை மாற்ற விரும்புகிறோம் என்று பேசுவதற்கு முன்னர், எதை மாற்ற இயலாது என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். தூண்கள், வளைகள் (தூண்களுக்கிடையே கிடையாக ஓடிப் பாரம் தாங்குபவை), கழிவுநீர்க் குழாய்கள் கீழிறங்கும் இடம், பிரதான மின்பலகை ஆகியவை அந்த வரைபடத்தில் முதலில் இடம்பெற வேண்டியவை. விற்பனையாளர் தந்த வரைபடத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வோர் அறையையும் அளவுநாடாவால் அளந்து, மூலைக்கு மூலை குறுக்களவும் எடுத்துக்கொள்வது அவசியம். பூச்சின் தடிப்பினாலும் சரியாகச் சதுரம் பிடிக்காத மூலைகளினாலும் சில அங்குலங்கள் குறைவது வழக்கம். அலுமாரி ஒன்று பொருந்தாமற்போக அந்தச் சில அங்குலங்களே போதும்.

சுவரைத் தட்டிப் பார்த்து, அது பாரம் தாங்காத சுவர் என்று தீர்மானிப்பது மிக ஆபத்தான தவறு. கொழும்பின் பழைய தனிவீடுகளில், ஒன்பது அங்குலச் செங்கற் சுவரோ கபூக் எனப்படும் செம்பூராங்கற் சுவரோ கூரையையும் மேல்மாடித் தளத்தையும் நேரடியாகத் தாங்கி நிற்பதுண்டு. தொடர்மாடிகளில் பெரும்பாலும் கொங்கிறீட் தூண்களும் வளைகளுமே பாரத்தைச் சுமக்க, நாலரை அங்குலச் சுவர்கள் அறைகளைப் பிரிப்பதற்காக மட்டும் எழுப்பப்பட்டிருக்கும். எனினும் மின்தூக்கியையும் படிக்கட்டையும் ஒட்டிய சுவர்கள் பல இடங்களில் முழுக் கொங்கிறீட்டாக அமைந்து, கட்டடம் பக்கவாட்டில் அசையாதபடி காக்கின்றன. அமைப்புப் பொறியியலாளர் ஒருவரை அழைத்து நேரில் பார்க்கச் செய்வதற்கு ஆகும் கட்டணம், இடித்த சுவருக்குப் பதிலாக இரும்பு வளை பொருத்துவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது.

சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் தவறே. தொடர்மாடி வீட்டுரிமை தொடர்பான 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கட்டடத்தின் தூண்கள், வளைகள், பிரதான சுவர்கள் போன்றவை எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவான கூறுகளாகும். அவை உங்கள் வீட்டுக்குள் நின்றாலும் உங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஆகவே வேலை தொடங்குமுன் கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். பல்கனியை அடைப்பது கட்டடத்தின் வெளித்தோற்றத்தையும் மாற்றுவதால் அதற்குத் தனியாகவே கேட்க வேண்டும். தனிவீட்டில் மாடி எழுப்புவதற்கோ அறை நீட்டுவதற்கோ மாநகர சபையின் அங்கீகாரம் தேவை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கும் வீட்டுக்கும் பொருத்தமில்லையெனில், பின்னாளில் வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போது அது தடையாக வந்து நிற்கும்.

எல்லாவற்றிலும் கூடிய கவனம் தண்ணீருக்கே தேவை. குளியலறையை அறையின் மறுபக்கத்துக்கு நகர்த்துவது காகிதத்தில் ஒரு கோடுதான். தரையிலோ அது வேறு கதை. நாலங்குலக் கழிவுக் குழாய் ஓரடி நீளத்துக்கு ஏறத்தாழ கால் அங்குலம் சரிய வேண்டும். மலசலகூடத்தைப் பன்னிரண்டு அடி தள்ளி அமைத்தால், சரிவுக்கு மட்டும் மூன்று அங்குலமும் குழாய்க்கு நாலங்குலமும் சேர, ஏழு அங்குலத்துக்கு மேல் தரையை உயர்த்த நேரிடும். அதனால் வாசலில் படி ஒன்று எழும். முதியோர் தடுக்கி விழுவது அத்தகைய படிகளில்தான். உயரத்தைக் குறைப்பதற்காகச் சரிவைக் குறைத்தால் குழாய் அடிக்கடி அடைபடும். கீழ்த்தளத்தைத் துளைத்துக் குழாயை இறக்குவதோ, கீழ்வீட்டாரின் கூரைத்தளத்தில் கைவைப்பதாகிவிடும். இயன்றவரை மலசலகூடத்தை அதன் பழைய இடத்திலேயே விட்டு, கைகழுவும் தொட்டியையும் நீர்த்தூவியையும் மட்டும் நகர்த்துவதே அறிவுடைமை. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைப் பூசியபின், வடிகாலை அடைத்து 24 மணித்தியாலம் தண்ணீரைத் தேக்கிவைத்துக் கீழ்ப்புறம் ஈரம் இறங்குகிறதா என்று பார்த்த பின்னரே தரை ஓடுகளைப் பதிக்க வேண்டும். தனிவீட்டில் மேல்மாடிக் குளியலறையின் இடத்தைக் குறிக்கும்போது, அதற்கு நேர் கீழே சாமியறை அமையாதபடி இரு மாடிகளின் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொள்வது நன்று.

திறந்த குசினி இன்று பலருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மிளகாய் வறுக்கும், கருவாடு பொரிக்கும் வீட்டில் புகையை வெளியே தள்ளும் குழாய்வழி இல்லையென்றால், எண்ணெய்ப் பிசுக்கு வரவேற்பறைத் திரைச்சீலைகளிலும் மெத்திருக்கைகளிலும் படிந்துவிடும். காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் புகையுறிஞ்சி நம் சமையலுக்குப் போதாது. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். 12.5 கிலோ உருளை நிற்கும் பின்பல்கனியைக் கண்ணாடியால் முழுதாக அடைத்து, தரைமட்டத்தில் காற்றுத் துவாரம் விடாதிருப்பது உயிராபத்தான தவறு. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் நிகழ்ந்த எரிவாயு வெடிப்புகளை அறிந்த பிறகும் இதில் அலட்சியம் காட்டக் கூடாது.

கடலோர வீடுகளில் மேற்கு நோக்கிய பல்கனி பிற்பகல் வெயிலையும் தென்மேல் பருவ மழையையும் தாங்கிக்கொள்ளும் இடமாகும். அதை அடைத்தால் வெயிலும் சாரலும் நேரே அறைக்கு வந்துவிடும், காற்றோட்டமும் நின்றுபோகும்.

கதவுகளின் அகலத்தைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. பெற்றோர் உடனிருக்கும் வீட்டில் சக்கர நாற்காலி நுழைய வேண்டிவரலாம்; இரண்டரை அடி வாசலில் நிலையும் கதவும் எடுத்துக்கொள்ளும் இடம் போக எஞ்சுவது அதற்குப் போதாது. இடித்துக் கட்டும் வேளையில் குளியலறைக்கும் மூன்றடி வாசல் வைப்பது எளிது. கட்டில், அலுமாரி, சாப்பாட்டு மேசை ஆகியவற்றைச் சோக்கட்டியால் தரையில் உண்மை அளவில் வரைந்து, கதவுகள் திறக்கும் திசையையும் குறித்து, நடந்து பார்த்த பின்னர் மின்குதைகளின் (மின்செருகி செருகும் இடங்களின்) இடத்தை முடிவு செய்யுங்கள்.

நாளைக் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நம்மவரிடையே பரவலான தவறு. மார்கழிக்கு முன் குடிபூரல் நடக்க வேண்டுமென்று அவசரப்பட்டு, ஈரம் உலராத சீமெந்துப் பூச்சின்மேல் வர்ணம் பூசினால் அது கொப்பளித்து உரியும். புதுப் பூச்சைக் குறைந்தது ஏழு நாள் நனைத்துப் பதப்படுத்தி, அதன்பின் சில வாரங்கள் உலரவிட வேண்டும். நல்ல நாளில் பால் காய்ச்சி முடித்துக்கொண்டு, குடியிருக்க வருவதை வேலை முடியும்வரை தள்ளிவைக்கலாம். சுவர்களை மூடுமுன் உள்ளே ஓடும் குழாய்களையும் மின்கம்பிகளையும், அருகில் அளவுநாடாவை விரித்து வைத்துப் படமெடுத்து, வரைபடத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து ஆண்டுகளின் பின் சுவரில் ஓர் ஆணி அடிக்கும்போதும் அது உதவும்.