தருமபுரியிலிருந்து பியானோ மேடைக்கும் இசைக்குழு நடத்தும் பணிக்கும்

சிம்பொனி இசைக்குழு எதுவும் இல்லாத தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்துகொண்டு மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பியானோ கலைஞராகவும், பின்னர் இசைக்குழு நடத்துநராகவும் ஆக விரும்புபவர், முதலில் பியானோவை ஊன்றிக் கற்பதே சரியான வரிசையாகும்.

மெல்லிசைக் குழுவினர் பயன்படுத்தும் 61 கட்டைக் கீபோர்டு இதற்குப் போதாது. அதன் கட்டைகள் எடையற்றவை என்பதால், விரலின் அழுத்தத்தால் ஒலியின் அளவை ஆளும் பழக்கம் அதில் வராது. எடையுள்ள 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவே தொடக்கத்துக்கு ஏற்றது. மரப் பியானோ வாங்குவோர், காற்றின் ஈரப்பதம் மாறும்போது ஒலிப்பலகை விரிந்து சுருங்கிச் சுருதி கலையும் என்பதை அறிந்து, ஆண்டுக்கு இரு முறையாவது சுருதி சேர்க்கும் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆசிரியரைப் பெங்களூருவில் தேடலாம். ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் ரயில் உண்டு, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பேருந்துதான். பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்புகளான டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். ஆகியவற்றின் கிரேடு தேர்வுகள் ஒழுங்கைத் தரும். பின்னதில் ஆறாம் கிரேடு வாசிப்புத் தேர்வுக்கு முன் ஐந்தாம் கிரேடு இசைக் கோட்பாட்டுத் தேர்ச்சியோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் தேர்ச்சியோ தேவை. ஆனால் தேர்வுக்கான சில உருப்படிகளை மட்டும் ஆண்டு முழுவதும் அரைத்துக்கொண்டிருப்பது இசைஞரை உருவாக்காது. சான்றிதழ்களைச் சட்டமிட்டு மாட்டும் பெற்றோர் இதைக் கவனிப்பது நல்லது.

நடத்துநராகும் எண்ணமுள்ளவருக்கு, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் 15 இரு குரல் இன்வென்ஷன்கள் (இரண்டு தனி மெட்டு இழைகள் ஒன்றாக ஓடும் சிறு உருப்படிகள்) முதல் பாடமாக அமையும். ஒவ்வொரு குரலையும் தனியே பாடி, பிறகு ஒன்றைப் பாடிக்கொண்டே மற்றொன்றை வாசித்துப் பழகினால், பல இழைகளை ஒரே நேரத்தில் கேட்கும் செவி அமையும். அடுத்து ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்கு எழுதிய நால்வர் தந்தி இசையை நான்கு வரிகளிலிருந்து நேரடியாகப் பியானோவில் வாசிக்க வேண்டும். இதில் வயோலாவின் வரி எழுதப்படும், பியானோ கலைஞருக்குப் பழக்கமில்லாத ஆல்டோ கிளெஃப் என்ற சுரநிலைக் குறி முதலில் தடுக்கும். பி ஃபிளாட் கிளாரினெட் எழுதப்பட்டதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிப்பது போன்ற சுர இடமாற்றங்கள், எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றாக உள்ள இசைக்குழுவின் முழு ஸ்கோரைத் திறக்கும்போது வரும்.

கையசைத்துப் பழக உள்ளூர்த் தேவாலயப் பாடகர் குழுவைவிட நல்ல களம் இங்கு இல்லை. நான்கு குரல்களில் பாடும் குழுவுக்கு முன் நிற்பவர், முதல் அடிக்கு முந்தைய அசைவிலேயே வேகத்தையும் மூச்சையும் சொல்லிவிட வேண்டும். அந்த அசைவு தெளிவாக இல்லையென்றால் குழு சிதறித் தொடங்கும். இடக்கை வலக்கையின் நிழலாக ஆடாமல், ஒலியின் ஏற்றத்தாழ்வைக் காட்டப் பயன்பட வேண்டும். பாடகர்களுக்குப் பியானோ துணை வாசிப்பதையும் தாழ்வாகக் கருத வேண்டாம்: புகழ்பெற்ற நடத்துநர் ஜார்ஜ் ஷோல்டி, ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஓபராவில் (இசை நாடக அரங்கில்) ஒத்திகைப் பியானோ வாசித்தே நடத்துநரானார். 1950இல் ஏழு வயதில் பியானோ கலைஞராக மேடையேறிய டேனியல் பாரன்பாய்ம், பின்னாளில் தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் மொசார்ட்டின் கான்செர்ட்டோக்களைப் பியானோவில் அமர்ந்தபடியே நடத்தினார்.

உயர்கல்விக்குச் சென்னையில் 2008இல் தொடங்கப்பட்ட கே.எம். இசைக் கல்லூரி ஒரு படி; அதற்கு மேல் பெரும்பாலும் வெளிநாடுதான். வருமானம் நெடுங்காலம் கற்பிப்பதிலிருந்தும் துணை வாசிப்பிலிருந்துமே வரும். விண்ணப்பக் காணொளியில் பியானோ வாசிப்பை இரு கைகளும் தெரியும்படி, வெட்டாமல் ஒரே எடுப்பில் பதிவு செய்ய வேண்டும். நடத்துநர் பிரிவுக்கான பதிவில் கேமராவை இசைக்கலைஞர்களின் பக்கம் வைத்து, முகமும் கைகளும் தெரியுமாறு எடுக்க வேண்டும்.