பவர் சப்ளை வாங்குமுன் லேபிளைப் படியுங்கள்
கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் நடுத்தர விலை பவர் சப்ளைகளில் 80 பிளஸ் கோல்டு முத்திரையைப் பார்த்ததும் பலர் வாங்கிவிடுகிறார்கள். எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. பாகங்களின் தரத்தை அல்ல. பக்கவாட்டு லேபிளைப் பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 650 வாட்ஸ் என்று போட்டுவிட்டு 12 வோல்ட்டுக்கு 500 வாட்ஸ்தான் என்றால், வேண்டவே வேண்டாம்.

விலை ஒன்றாக இருந்தால், 3 வருட வாரண்டியை விட்டுவிட்டு 7 வருடம் தருவதையே எடுப்பேன். 105 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சீராக்கும் பாகம்) இருந்தால் இன்னும் நல்லது. மாடுலர் கேபிள், அதாவது கழற்றி மாட்டக்கூடிய கேபிள், வசதிதான், கட்டாயமில்லை.

முக்கியமாக, பழைய பவர் சப்ளையின் மாடுலர் கேபிளைப் புதியதில் செருகவே செருகாதீர்கள். கேபிள் முனையிலுள்ள பின்களின் (pin) வரிசை மாறியிருந்தால் ஹார்டு டிஸ்க் கருகிவிடும், அதிலிருக்கும் படங்களும் போய்விடும்.