‘இடையூறுகள்: ஏதுமில்லை’ என்று எழுதித் தொலைக்காதீர்கள்

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். தருமபுரி வீட்டில் பையை இறக்கிய மறுநாளே காரிமங்கலத்திலிருந்து ஒரு தம்பி அம்மாவோடு வந்துவிட்டான். செப்டம்பரில் பிரிட்டனுக்கு பிஎச்.டி. படிக்கப் போகிறான். குக்கர் எத்தனை லிட்டர், கேழ்வரகு மாவு எத்தனை கிலோ என்று கையில் பட்டியல். மாவெல்லாம் அங்கே கிடைக்கும், விடுங்கள். யாரும் கேட்காததைச் சொல்கிறேன்: ஆன்வல் ரிவ்யூ, அதாவது ஆராய்ச்சி எவ்வளவு நகர்ந்தது என்று வருஷாவருஷம் பார்க்கும் சோதனை.

நம்மூர் டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைடு நாள் குறிப்பார், நாம் காபிக்கும் பிஸ்கட்டுக்கும் சொல்லிவிட்டு ஃபைலில் கையெழுத்து வாங்குவோம். அங்கே பல இடங்களில் நாள் குறிக்க அலைய வேண்டியதே நாம்தான். முழுநேர மாணவருக்கு முதல் ரிவ்யூ பெரும்பாலும் 9 முதல் 12 மாதத்துக்குள் வரும். ஆகஸ்டில் பேராசிரியர்கள் லீவில் போய்விடுவார்கள், அதனால் ஏப்ரலிலேயே மெயில் போடுங்கள். ரிப்போர்ட்டும் அடுத்த வருஷத் திட்டமும் கொடுக்க வேண்டும். கேள்வி கேட்பவர் உங்கள் கைடு அல்ல, வேறொருவர். திருப்தி இல்லையென்றால் திருத்தி மறுபடி கொடுக்கச் சொல்வார்கள், அதிலும் தேறாவிட்டால் எம்.ஃபில்.லோடு நிறுத்தலாம். நம்மூரில் எம்.ஃபில்.லையே யு.ஜி.சி. 2022-இல் எடுத்துவிட்டது. அந்தப் பட்டத்தோடு திரும்பி வந்து என்ன செய்வது? படிப்பையே நிறுத்தினால் பல்கலைக்கழகம் விசாவைப் பார்க்கும் அரசுத் துறையான ஹோம் ஆபீஸுக்குத் தெரிவிக்கும், விசாவும் போகும்.

இனி, அங்கே பிஎச்.டி. படித்தபோது நான் மாட்டிய இடம். ரிவ்யூ படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: ‘இந்த ஆண்டு வேலையைப் பாதித்த இடையூறுகள்’.

என் ஆராய்ச்சி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பென்னாகரம் பக்கத்துச் சொந்தக்காரர்களின் பழுப்பேறிய பற்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தலைப்பு தோன்றும்? முதல் வருஷம் ஜனவரியில் லேபில் அளக்கும் கருவி படுத்துவிட்டது. உதிரிபாகம் வந்து சேர நாலு மாதம். ஆனாலும் அந்தக் கட்டத்தில் ‘ஏதுமில்லை’ என்று எழுதினேன். கைடு படிப்பாரே! அவர் லேபைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடாதா? சம்பந்தி வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்பில்லாவிட்டாலும் “நல்லா இருந்துச்சுங்க” என்று சொல்லி வளர்ந்த வாய் இது.

ரிவ்யூவில் கேள்வி கேட்க வந்த பேராசிரியை நிதானமாகக் கேட்டார், “40 நீர் மாதிரிகளை அளப்பதாகத் திட்டம், 12 தான் முடிந்திருக்கிறது, ஏன்?” கருவி பழுது என்றேன். அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி, பேனா முனையை அந்தக் கட்டத்தில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் காது சுட்டது.

மூன்று மாதத்தில் திருத்திக் கொடுத்துத் தப்பித்தேன். பெரிய அடி கடைசி வருஷத்தில் விழுந்தது. நாலு மாத உதவித்தொகை நீட்டிப்பு கேட்டபோது பழைய படிவத்தை எடுத்துப் பார்த்து, பதிவில் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். சந்தூர் பக்கம் மாந்தோப்புக் குத்தகைப் பணத்தை அண்ணன் அனுப்பித்தான் வாடகை கட்டினேன். கைடோ, “அதை ஏன் நீ எழுதவில்லை?” என்று என்னையே கேட்டார். இவருக்காகத்தான் எழுதவில்லை என்று எந்த மொழியில் சொல்ல?

அதனால் எழுதுங்கள். திட்ட வேண்டாம், தேதி போட்டால் போதும்: இந்த நாள் முதல் இந்த நாள் வரை கருவி ஓடவில்லை, இத்தனை மாதிரி நின்றது, அந்த நேரத்தில் இதைச் செய்தேன். பழுதான அன்றே கைடுக்கு ஒரு மெயில். உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு, எல்லாமே அந்தக் கட்டத்துக்கு உரியவை. ரிவ்யூவில் கைடை வெளியே அனுப்பிவிட்டு “வழிகாட்டுதல் எப்படி?” என்று கேட்கும் இடங்களும் உண்டு. அதுவும் மரியாதைக்குக் கேட்கும் கேள்வி இல்லை.

தம்பியின் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. “வாத்தியாரைப் பத்தி எப்படிப்பா எழுதறது?” என்றார். பையன் மட்டும் கேழ்வரகு மாவுக்குக் கீழே ‘இடையூறு — தேதியோடு’ என்று குறித்துக்கொண்டான்.

குக்கர் 3 லிட்டர் போதும். கேஸ்கட் மட்டும் 2 கூடுதலாக வையுங்கள், அந்த அளவைத் தேடி நான் ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்.