கீகேட்டை ஃபோர்க் செய்யும் முன் செய்து பார்க்க வேண்டியவை

சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் திறந்த மூல மென்பொருளான கீகேட்டில் உங்களுக்கு வேண்டிய ஒரு வசதி இல்லை. கேட்டுப் பார்த்தாயிற்று, "இப்போதைக்கு இல்லை" என்று பதிலும் வந்தாயிற்று. உரிமம் ஜிபிஎல் 3 (யாரும் கோடை எடுத்துத் திருத்தலாம்), கோடு இருக்கும் கிட்லேப் தளத்தில் ஃபோர்க் பொத்தான், அதாவது கோடை நகலெடுத்துத் தனித் திட்டமாகப் பிரிக்கும் வழி, கண்ணெதிரே இருக்கிறது. அழுத்துவது எளிது. ஆனால் பிசிபி (சர்க்யூட் போர்டு) மென்பொருளில் ஃபோர்க்கின் உண்மையான விலை கோடில் இல்லை, கோப்பு வடிவத்தில் இருக்கிறது. இன்று வரைந்த போர்டை ஐந்து வருடம் கழித்து ஒரு ரெசிஸ்டர் மாற்றத்துக்காகத் திறக்க வேண்டியிருக்கும். லேஅவுட் செய்து தரும் இன்னொருவரும் அதைத் திறக்க வேண்டும். அந்தக் கோப்பு உங்கள் ஃபோர்க்கில் மட்டுமே திறக்கும் என்றால், அதைப் பராமரிக்கும் வேலை உங்களை விடாது.

அதனால் செலவு குறைந்த வழியிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் தேவையை ஒரே வரியில் எழுதுங்கள்

"ரூட்டர் (காப்பர் பாதை போடும் கருவி) சரியில்லை" என்பது தேவை அல்ல. "230 வோல்ட் நெட்டுக்கும் மற்ற நெட்டுகளுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் டிஆர்சி பிழை காட்ட வேண்டும்" என்பது தேவை (நெட் என்பது மின்னிணைப்பு, டிஆர்சி என்பது வடிவமைப்பு விதிச் சோதனை). இப்படி எழுதும்போதே பாதிப் பிரச்சினைகளுக்கு ஃபோர்க் வேண்டாம் என்று தெரிந்துவிடும். மேலே சொன்னதற்குப் போர்டு அமைப்பில் உள்ள கஸ்டம் ரூல்ஸ் பக்கத்தில் ஒரு விதி போதும்: நெட்கிளாஸ் (நெட்டுகளின் குழு) பெயரை நிபந்தனையாக வைத்து, குறைந்தபட்ச இடைவெளியை 6 மில்லிமீட்டராகக் கொடுத்தால் வேலை முடிந்தது.

விதியால் முடியாததைப் பிளகினால் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரலால்) செய்ய முடியுமா என்று அடுத்துப் பாருங்கள். பழைய பைத்தான் பிளகின்கள் போர்டு எடிட்டரின் உள்ளேயே ஓடுபவை. அழிக்கப்பட்ட ஒரு டிராக்கை (காப்பர் பாதையை) உங்கள் வேரியபிள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் எடிட்டர் முழுவதும் சாய்ந்துவிடும், சேமிக்காத வேலையும் சேர்ந்து போகும். 2025 பிப்ரவரியில் வந்த 9-ஆம் பதிப்பின் புதிய ஏபிஐ (பிற நிரல்கள் கீகேட்டுடன் பேசும் வழி), பிளகினைத் தனிப் புராசஸாக ஓட்டுகிறது. பிளகின் விழுந்தால் அது மட்டும்தான் விழும். ஆனால் அமைப்புகளில் ஏபிஐயை நீங்களே இயக்க வேண்டும். 9-இல் அது போர்டு எடிட்டருக்கு மட்டுமே. ஸ்கீமாட்டிக் (சர்க்யூட் வரைபடம்) பக்கம் இல்லை. பழைய முறை கைவிடப்படும் என்று அதே பதிப்பில் குறித்துவிட்டார்கள், எனவே புதிதாக எழுதுபவர் அதில் தொடங்க வேண்டாம்.

பிளகினுக்குச் சொந்தத் தகவல் சேமிக்க வேண்டுமென்றால் சிம்பல் (வரைபடக் குறி), ஃபுட்பிரிண்ட் (போர்டில் பாகம் அமரும் இடம்) ஃபீல்டுகளில் வையுங்கள். "கொள்முதல் குறியீடு" என்ற பெயரில் ஒரு ஃபீல்டு சேர்த்தால் அது எல்லோருடைய கீகேட்டிலும் திறக்கும், சேமித்தாலும் அழியாது. ஃபோர்க் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்: ஃபீல்டில் வைத்தால் போதும் என்றிருந்ததற்குக் கோப்பில் புதிய டோக்கன் (வடிவத்துக்கே உரிய சொல்) ஒன்றை நுழைத்துவிடுவார்கள்.

பேட்ச் (கீகேட்டின் கோடுக்கே ஒரு திருத்தம்) அனுப்புவதாக இருந்தால்

கிட்லேப் இஷ்யூப் பட்டியலில் மூடிய இஷ்யூக்களையும் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் யோசனையை ஏற்கெனவே யாரோ கேட்டு, மறுத்ததற்கான காரணமும் அங்கேயே இருக்கலாம். பிழை என்றால் 'அபவுட்' பெட்டியிலுள்ள பதிப்புத் தகவலை நகலெடுத்து ஒட்டி, பிழை தெரியும் மிகச் சிறிய போர்டை இணையுங்கள். நிறுவனத்தின் நாலு லேயர் போர்டை அப்படியே ஏற்றாதீர்கள்: ரகசியமும் வெளியே போகும், படிப்பவரும் தேடிக் களைத்துப்போவார்.

புது வசதி மாஸ்டர் கிளைக்குத்தான் (அடுத்த பதிப்பு உருவாகும் இடம்) போகும். வெளியான பதிப்பின் கிளை, உதாரணமாக 9.0, பிழைத் திருத்தம் மட்டுமே ஏற்கும். கோப்பு வடிவத்தைத் தொடும் எதுவும் அங்கே நுழையாது. 7, 8, 9 மூன்றும் 2023, 2024, 2025 பிப்ரவரிகளில் வந்தவை. வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்பே புது வசதிகளுக்குக் கதவு அடைந்துவிடும். கோப்பு வடிவத்தைத் தொடும் யோசனையை மார்ச், ஏப்ரலில் கொண்டுபோங்கள். நவம்பரில் கொண்டுபோனால் ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு கோபத்தில் ஃபோர்க் போனவர்களும் உண்டு.

சோதனைக்காக மாஸ்டரை பில்ட் செய்யும்போது உண்மையான புராஜெக்ட்டை அதில் திறந்து சேமிக்கக் கூடாது. போர்டு கோப்பின் தொடக்கத்தில் வெர்ஷன் எண் தேதி வடிவில் இருக்கும்: 7-க்கு 20221018, 8-க்கு 20240108, 9-க்கு 20241229. பெரிய எண் கொண்ட கோப்பைப் பழைய கீகேட் திறக்க மறுக்கும்; புதியதிலிருந்து பழைய வடிவில் சேமிக்கும் வழியும் கிடையாது.

தனிக் கிளை வைத்து ஓட்டுவது

பேட்ச் ஏற்கப்படவில்லை, ஆனால் உங்கள் அலுவலகத்துக்கு அது இல்லாமல் முடியாது. அப்போது முழு ஃபோர்க் வேண்டாம், சொந்தக் கிளை போதும். வெளியான பதிப்பின் டேக் (அந்தப் பதிப்பின் கோடைக் குறிக்கும் பெயர்) ஒன்றிலிருந்து கிளை பிரியுங்கள், மாஸ்டரிலிருந்து அல்ல. மாற்றங்களை முடிந்தவரை புதிய கோப்புகளில் எழுதி, பழைய கோடில் அழைக்கும் ஓரிரு வரிகளை மட்டும் சேருங்கள். ஒவ்வொரு திருத்தப் பதிப்புக்கும் ரீபேஸ் செய்யுங்கள், அதாவது உங்கள் மாற்றங்களை அதன்மேல் மறுபடி ஏற்றுங்கள். இரண்டு மூன்று பதிப்புகளைச் சேர்த்து வைத்தால் மோதல்கள் குட்டி போட்டிருக்கும்.

9.0-இலிருந்து பிரிந்த கிளை, அதிகாரப்பூர்வ 9.0-இன் அமைப்புக் கோப்புறையையே பயன்படுத்தும். ஒன்றில் மாற்றிய ஹாட்கீயும் லைப்ரரிப் பட்டியலும் மற்றதிலும் வந்து நிற்கும். கீகேட் கான்ஃபிக் ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் வேறு இடம் காட்டிவிடுங்கள்.

ரீபேஸ் முடிந்ததும் சோதனை. இரண்டு லேயர், நாலு லேயர், நிறைய காப்பர் ஜோன் (காப்பர் நிரப்பும் பகுதி) உள்ளது என மூன்று போர்டுகள் எடுத்து, உங்கள் பில்டில் திறந்து ஜோன்களை நிரப்பிச் சேமியுங்கள். அதே கோப்பை அதிகாரப்பூர்வ கீகேட்டில் திறந்து டிஆர்சி ஓட்டுங்கள். பிறகு இரண்டிலிருந்தும் கமாண்ட் லைன் வழியாகக் கெர்பர் (போர்டு தயாரிப்பவருக்குக் கொடுக்கும் கோப்பு) எடுத்து ஒப்பிடுங்கள். கெர்பர் தலைப்பில் உருவாக்கிய தேதியும் மென்பொருள் பதிப்பும் இருக்கும். அந்த வரிகளை நீக்காமல் ஒப்பிட்டால் எல்லாக் கோப்பும் வேறு வேறு என்றே காட்டும். நீக்கிய பிறகும் ஒரு பேடு (பாகத்தின் கால் ஒட்டும் காப்பர் இடம்) அளவு வேறாக வந்தால், போர்டை ஃபேபுக்கு (போர்டு தயாரிப்பவருக்கு) அனுப்பாதீர்கள்.

அலுவலகத்துக்குள் மட்டும் ஓட்டினால் கோடை வெளியிட ஜிபிஎல் கட்டாயப்படுத்தாது. பில்டை வெளியாருக்குக் கொடுத்தால் அவருக்குச் சோர்ஸும் கிடைக்க வேண்டும். உங்கள் போர்டு வடிவமைப்பை ஜிபிஎல் தொடாது. சிம்பல், ஃபுட்பிரிண்ட் தொகுப்புகளான லைப்ரரிகளின் கதை வேறு: அவை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0. போர்டில் பயன்படுத்த விலக்கு உண்டு. ஆனால் லைப்ரரியையே திருத்தித் தொகுப்பாக வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

முழு ஃபோர்க்

ஜீஈடிஏ என்ற இன்னொரு திறந்த மூல போர்டு மென்பொருள் குடும்பம் நல்ல பாடம். 1998-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஸ்கீமாட்டிக் பக்கத்திலிருந்து 2016-இல் லெப்டன் பிரிந்தது. கோப்பு வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டதால் பழைய பயனர்கள் சிரமமில்லாமல் மாறினார்கள். போர்டு பக்கத்திலிருந்து 2013-இல் பிரிந்த பிசிபி-ஆர்என்டி, பழைய வடிவத்தில் அடங்காதவற்றுக்காக லிஹாட்டா என்ற சொந்த வடிவத்துக்குப் போனது; ஆனால் ஜீஈடிஏ, கீகேட் கோப்புகளைப் படிக்கும் வேலையையும் தானே சுமக்கிறது. ஹொரைசன் என்ற வேறொரு போர்டு மென்பொருள் ஃபோர்க்கே செய்யவில்லை: மற்ற டிராக்குகளைத் தள்ளி வழி போடும் கீகேட்டின் ரூட்டரை மட்டும் எடுத்துத் தன் மென்பொருளில் பொருத்திக்கொண்டது. ஒரு பகுதிதான் வேண்டும் என்றால் அந்த வழி எத்தனையோ மேல்.

இத்தனைக்குப் பிறகும் ஃபோர்க்தான் என்றால், வெளியிடும் முன் இவற்றை முடியுங்கள்:

1. பெயரையும் ஐகானையும் மாற்றுங்கள். கீகேட் என்ற பெயர் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் டிரேட்மார்க். ஜிபிஎல் கோடைத் தருகிறது, பெயரைத் தரவில்லை.
2. கோப்பின் ஜெனரேட்டர் புலத்தில் உங்கள் மென்பொருளின் பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பிழைக்கு கீகேட் குழு தூக்கம் கெடும். மூன்றாம் தரப்பினர் தங்கள் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று அவர்களின் வடிவ ஆவணமே கேட்டுக்கொள்கிறது.
3. புது டோக்கன் சேர்த்தால் கோப்பின் எக்ஸ்டென்ஷனையும் மாற்றிவிடுங்கள். தெரியாத டோக்கனை கீகேட் தாண்டிப் போகாது. அந்த வரியில் நின்று பிழை காட்டும், போர்டு திறக்காது.
4. விண்டோஸ், மேக் இரண்டுக்கும் பில்ட் செய்ய ஆள் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், ஓப்பன்கேஸ்கேட், என்ஜிஸ்பைஸ், பைத்தான் என்று சார்புகள் (கூடவே வேண்டிய பிற மென்பொருள்கள்) நீளும். மேக்கில் கையொப்பமும் நோட்டரைசேஷனும் (ஆப்பிளின் சரிபார்ப்பு) வேறு.
5. லைப்ரரிகளைத் தொடாதீர்கள். ஃபுட்பிரிண்ட் திருத்தம் எதுவானாலும் கீகேட் லைப்ரரிக்கே அனுப்புங்கள். பின்கள் 100 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்) கிரிட்டில், கோர்ட்யார்டு (பாகத்தைச் சுற்றிய எல்லை) கோடு 0.05 மில்லிமீட்டர் என்று அங்கே கறாரான விதிகள் உண்டு, சரிபார்க்கும் ஸ்கிரிப்டும் உண்டு.

நான்காவதற்கு உங்கள் பெயரைத் தவிர வேறு பெயர் எழுத முடியவில்லையென்றால், தனிக் கிளையோடு நில்லுங்கள்.